ஏர்பேக் விளக்கு அணையாவிட்டால்: மின்கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

இக்னிஷனைப் போட்டதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, ஆறேழு வினாடியில் அணைய வேண்டும். அந்தச் சில வினாடிகளில், ஏர்பேக்கை இயக்கும் கணினியான கண்ட்ரோல் யூனிட் தன்னையும், தன்னோடு இணைந்த எல்லாச் சுற்றுகளையும் சோதித்து முடிக்கிறது. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ, அணைந்து மீண்டும் எரிந்தாலோ, சிமிட்டினாலோ ஏதோ ஒரு சுற்றில் கோளாறு இருக்கிறது. விபத்து நேர்ந்தால் அந்த வண்டியின் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது.

விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்றால் அதுவும் கோளாறுதான். பழைய வண்டி வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல்பைக் கழற்றியோ, வயரை வேறு விளக்கோடு இணைத்தோ கோளாறை மறைத்து விற்பது உண்டு.

தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏர்பேக்கோ கண்ட்ரோல் யூனிட்டோ கெட்டுப்போவது அரிது. பெரும்பாலான கோளாறுகள் கனெக்டர்களிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் கேபிளிலும், சீட்டுக்கு அடியில் அசையும் வயர்களிலும்தான் இருக்கின்றன. கோட், அதாவது ஸ்கேனர் கருவி காட்டும் கோளாறு எண், என்ன சொல்கிறது என்று பார்த்ததும் அந்தப் பெயருள்ள பாகத்தை வாங்கி மாட்டுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய வீண்செலவு.

சுற்று எப்படி வேலை செய்கிறது

ஒவ்வொரு ஏர்பேக்குக்குள்ளும், சீட் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனருக்குள்ளும் ஸ்க்விப் என்ற சின்னப் பற்றவைப்பான் இருக்கிறது. அதனுள் ஒரு மெல்லிய கம்பி. அதன் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். கண்ட்ரோல் யூனிட்டிலிருந்து இரண்டு வயர்கள் போய் அந்தக் கம்பியோடு சேர்கின்றன. இந்தச் சுற்றில் வேறு எதுவும் இல்லை.

இன்று பரவலாக உள்ள ஸ்க்விப்கள் 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லி வினாடி பாய்ந்தால் பற்றிக்கொள்ளும்படியும், 0.4 ஆம்பியர் 10 வினாடி பாய்ந்தாலும் பற்றாதபடியும் வடிவமைக்கப்பட்டவை. கண்ட்ரோல் யூனிட் இந்த எல்லைக்கு மிகக் கீழே, சில பத்து மில்லி ஆம்பியர் அளவில் சோதனை மின்னோட்டத்தை அனுப்பித் தடையை அளந்துகொண்டே இருக்கிறது.

எல்லாமே 2 ஓம் அளவில் நடக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். கதவைத் திறந்தால் எரியும் சிறு விளக்கின் சுற்றில் துருவால் 1 ஓம் கூடினால் யாருக்கும் தெரியாது. அதே 1 ஓம் ஏர்பேக் சுற்றில் கூடினால், இருந்த தடை ஒன்றரை மடங்காகிறது. கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்னில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்தாலே கோட் விழுவது இதனால்தான். ஸ்க்விப் கனெக்டர்களின் பின்களுக்குத் தங்க முலாம் பூசுவதும் இதனால்தான்.

இன்னொரு பாகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரைக் கழற்றியவுடன் உள்ளே இருக்கும் சிறு உலோகத் தகடு ஒன்று இரண்டு பின்களையும் ஒன்றாக ஷார்ட் செய்துவிடும். கையில் உள்ள நிலைமின்சாரத்தால் ஏர்பேக் வெடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. ஷார்டிங் பார் என்பார்கள். மாட்டும்போது எதிர்ப்பக்க கனெக்டரில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு அந்தத் தகட்டைத் தூக்கிவிடும். இந்தத் தகடு இருப்பது தெரியாமல் மீட்டரை வைத்து, வயர் ஷார்ட் ஆகிவிட்டது என்று முடிவுகட்டி முழு வயரிங்கையும் மாற்றியவர்கள் உண்டு.

கை வைக்கும் முன்

கீழே சொல்பவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிட வேண்டாம்.

1. ஸ்கேனரில் வரும் எல்லாக் கோடுகளையும் முதலில் எழுதிவையுங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளில் தகவல் அழியும்.

2. இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அது தானாகத் திரும்பித் தொடாதபடி துணியால் சுற்றுங்கள். சில வண்டிகளில் இரண்டாவது 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அதையும் கழற்ற வேண்டும்.

3. காத்திருங்கள். விபத்தில் பேட்டரி அறுந்துபோனாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காகக் கண்ட்ரோல் யூனிட்டுக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டர் வைத்திருக்கிறார்கள். அது வடிய நேரம் வேண்டும். சில நிறுவனங்கள் 90 வினாடி என்கின்றன, சில 3 நிமிடம் என்கின்றன, 10 நிமிடம் சொல்லும் கையேடுகளும் உண்டு. உங்கள் வண்டியின் கையேடு கையில் இல்லாவிட்டால் 10 நிமிடம் காத்திருப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

4. கழற்றிய ஏர்பேக்கை, உறை வெளியே பார்க்க, உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மேசையில் உறை மேலே பார்க்கும்படி வையுங்கள். கவிழ்த்து வைத்த ஏர்பேக் தற்செயலாக வெடித்தால் முழுப் பொட்டலமும் ராக்கெட் போல மேலே பாயும்.

5. ஏர்பேக்கின் பின்களிலோ ப்ரீடென்ஷனரின் பின்களிலோ மல்டிமீட்டரை ஒருபோதும் வைக்காதீர்கள். ஓம் அளக்கும் நிலையில் மீட்டர் தானே மின்னோட்டம் அனுப்புகிறது. நல்ல டிஜிட்டல் மீட்டர் அனுப்புவது மிகக் குறைவுதான். ஆனால் கையில் இருக்கும் மீட்டர் எவ்வளவு அனுப்பும் என்பதை நம்பி முகத்துக்கு நேரே ஒரு வெடிமருந்தைச் சோதிக்கக் கூடாது. டெஸ்ட் லைட்டை இந்தச் சுற்றின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

6. வயரின் உறையை ஊசியால் குத்தி அளக்காதீர்கள். அந்தத் துளை வழியே ஈரம் இறங்கி, ஆறு மாதத்தில் புதுக் கோளாறாகத் திரும்பி வரும்.

ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் மஞ்சள் உறை ஏர்பேக் வயர், ஆரஞ்சு உறை உயர் மின்னழுத்த வயர். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கோடைப் படிப்பது

விலை குறைந்த சாதாரண ஸ்கேனர்கள் இன்ஜின் கோடுகளை மட்டும் காட்டும். அது "கோளாறு இல்லை" என்று சொன்னால், ஏர்பேக் யூனிட்டோடு அது பேசவே இல்லை என்றுதான் பொருள். எஸ்.ஆர்.எஸ். எனப்படும் ஏர்பேக் பகுதியைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். மிகப் பழைய வண்டிகளில் விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையே கோட்.

கோடில் இரண்டு தகவல்கள் உண்டு. முதல் பகுதி எந்தச் சுற்று என்பதைச் சொல்கிறது. பி0001 என்றால் ஓட்டுநர் பக்க முன் ஏர்பேக்கின் முதல் கட்டம், பி0010 என்றால் பயணி பக்க முன் ஏர்பேக்கின் முதல் கட்டம். இவை பொதுத் தர எண்கள். நிறுவனங்கள் தனி எண்களையும் வைத்திருக்கின்றன. இரண்டாவது பகுதி கோளாறின் வகை. பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் வேலையைப் பாதியாகக் குறைப்பது அதுதான். 11 என்று முடிந்தால் வயர் எர்த்தைத் தொடுகிறது. 12 என்றால் பேட்டரி மின்னழுத்தத்தைத் தொடுகிறது. 13 என்றால் சுற்று அறுந்திருக்கிறது. 1ஏ என்றால் தடை குறைவு, 1பி என்றால் தடை அதிகம்.

தடை அதிகம் அல்லது அறுந்திருக்கிறது என்று வந்தால் சரியாக மாட்டாத கனெக்டர், துருப்பிடித்த பின், உள்ளே அறுந்த கிளாக் ஸ்பிரிங் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். தடை குறைவு என்றால் இரண்டு வயர்களும் ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது ஷார்டிங் பாரைத் தூக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறது. எர்த் அல்லது பேட்டரி ஷார்ட் என்றால் எங்கோ வயர் நசுங்கியிருக்கிறது. சீட் ரெயிலும், ஸ்டீயரிங் கம்பத்தின் உறைக்குப் போட்ட திருகும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

கோட் இப்போது இருக்கிறதா, நினைவில் மட்டும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பேட்டரி பலவீனமாகி மின்னழுத்தம் விழுந்தபோது பதிந்த பழைய கோடுக்காக யாரும் டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டியதில்லை. பேட்டரி மாற்றிய அன்றோ, வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்த அன்றோ விளக்கு வந்திருந்தால், முதலில் பேட்டரியைச் சோதித்து, கோடை அழித்து, மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். சீட்டைக் கழற்றிய நிலையில் இக்னிஷனைப் போட்டாலும் கோட் விழும். உள்ளே சுத்தம் செய்ய விட்ட வண்டி விளக்கோடு திரும்பி வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஸ்கேனரில் நேரலைத் தகவல் பகுதி இருந்தால் பாக்கியம். பல வண்டிகளில் ஒவ்வொரு ஸ்க்விப் சுற்றின் தடையும் ஓமில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை எல்லாம் 2.1, 2.2 என்று இருக்க, ஒன்று மட்டும் 3.8 காட்டினால் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மாற்றுத் தடை வைத்துக் கோளாறின் இடத்தைக் குறுக்குவது

ஏர்பேக்கை அளக்கக் கூடாது என்றால் அது நல்லதா கெட்டதா என்று எப்படி அறிவது? அதன் இடத்தில் மாற்றுத் தடையாக 2 ஓம் ரெசிஸ்டரை வைத்து, கண்ட்ரோல் யூனிட்டையே அளக்கச் சொல்வதுதான் வழி. சோதனை மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் கால் வாட் ரெசிஸ்டர் போதும். ஆனால் அதன் கால்களை நேராகக் கனெக்டர் துளைக்குள் திணிக்காதீர்கள். பின் விரிந்து, நீங்களே ஒரு கோளாறை உண்டாக்கிவிடுவீர்கள். மேலும், ஷார்டிங் பார் தூக்கப்படாமல் "தடை குறைவு" என்ற புதுக் கோட் வந்து உங்களைத் திசைதிருப்பும். அந்தக் கனெக்டருக்குப் பொருந்தும் அடாப்டரோடுதான் மாட்ட வேண்டும்.

ஓட்டுநர் ஏர்பேக்கில் "தடை அதிகம்" என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, ஸ்டீயரிங்கிலிருந்து ஏர்பேக்கைப் பிரித்து, அதன் இடத்தில் மாற்றுத் தடையை மாட்டுங்கள். வண்டிக்குள் யாரும் இல்லாமல் பேட்டரியை இணைத்து, பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் நீட்டி இக்னிஷனைப் போடுங்கள். கோடை அழித்து மீண்டும் படியுங்கள்.

கோட் போய்விட்டால் கோளாறு ஏர்பேக் பக்கம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கழற்றி மாட்டியதிலேயே பின்னில் இருந்த படலம் தேய்ந்து தொடர்பு சரியாகியிருக்கலாம். அதே ஏர்பேக்கை மீண்டும் மாட்டிப் பாருங்கள். கோட் திரும்பினால் ஏர்பேக்கோ அதன் கனெக்டரோதான் காரணம். திரும்பாவிட்டால் தொடர்புக் கோளாறு. பின்களை நல்ல வெளிச்சத்தில் பார்க்காமல் வண்டியை அனுப்பக் கூடாது.

மாற்றுத் தடை வைத்தும் கோட் போகவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழே, ஸ்டீயரிங் கம்பத்தில் உள்ள கனெக்டரில் அதே தடையை மாட்டுங்கள். இப்போது கோட் போனால் கிளாக் ஸ்பிரிங் கெட்டிருக்கிறது. அப்போதும் இருந்தால் அங்கிருந்து கண்ட்ரோல் யூனிட் வரை உள்ள வயரிங், இல்லையேல் யூனிட். எந்தச் சுற்றுக்கும் இதே முறைதான்.

வயரிங்கை மீட்டரால் அளக்கலாம். இரண்டு முனைகளும் கழன்றிருக்க வேண்டும், ஏர்பேக் எதுவும் சுற்றில் இருக்கக் கூடாது, ஷார்டிங் பார் இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் செருகித் தூக்கியிருக்க வேண்டும். ஒரு வயரின் இரு முனைகளுக்கு இடையே 1 ஓமுக்குக் குறைவு, இரண்டு வயர்களுக்கு இடையேயும் வயருக்கும் எர்த்துக்கும் இடையேயும் 1 மெகா ஓமுக்கு மேல் என்பது பல கையேடுகள் தரும் அளவு. பேட்டரி ஷார்ட் சந்தேகம் இருந்தால், அந்த நிலையிலேயே பேட்டரியை இணைத்து, இக்னிஷனைப் போட்டு வயருக்கும் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் பாருங்கள். 1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அது காட்டும் அளவைக் கழிக்க மறக்காதீர்கள். அரை ஓம் இங்கே சிறிய எண் அல்ல.

விட்டுவிட்டு வரும் கோளாறு என்றால், மாற்றுத் தடை மாட்டியிருக்கும் நிலையில், நேரலைத் தகவலைப் பார்த்தபடி வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிப் பாருங்கள். உண்மையான ஏர்பேக் மாட்டியிருக்கும்போது மின்சாரம் உள்ள வயரை ஆட்டிச் சோதிக்கக் கூடாது.

அடிக்கடி கெடும் இடங்கள்

கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் சுற்றினாலும் தொடர்பு அறாமல் இருக்க, தட்டை ரிப்பன் கேபிளைச் சுருளாகச் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சுருண்டு விரிந்து அது அறுந்துபோகும். ஓட்டுநர் ஏர்பேக் கோடோடு ஹார்ன் அடிக்கவில்லை, ஸ்டீயரிங் பட்டன்கள் வேலை செய்யவில்லை என்றும் இருந்தால் அநேகமாக இதுதான். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது விளக்கு வந்து போனாலும் இதையே சந்தேகப்படலாம். புதிதாக மாட்டும்போது முன் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். சுருளை ஒரு பக்கம் மெதுவாகத் திருப்பி, அது நிற்கும் இடத்திலிருந்து கையேடு சொல்லும் அளவு, பெரும்பாலும் இரண்டரைச் சுற்று, திரும்பி வந்து குறிகளை நேராக்க வேண்டும். நடுவைத் தவறவிட்டு மாட்டினால், முழுதாக ஸ்டீயரிங் ஒடிக்கும் முதல் நாளிலேயே புது ரிப்பன் அறுந்துவிடும். ஸ்டீயரிங் பெட்டி வேலைக்காகக் கம்பத்தைப் பிரித்த வண்டிகளில் ஸ்டீயரிங் கட்டுப்பாடின்றிச் சுற்றியிருந்தால் இதே கதிதான்.

சீட்டுக்கு அடி. பக்கவாட்டு ஏர்பேக், ப்ரீடென்ஷனர், பக்கிள் சுவிட்ச், சீட் நகரும் நிலையைச் சொல்லும் சென்சார், எடை உணரி என்று ஐந்தாறு கனெக்டர்கள் அங்கே தொங்குகின்றன. சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதெல்லாம் அவை இழுபடும். சீட்டுக்கு அடியில் வைத்த தண்ணீர் பாட்டிலோ குடையோ மோதியே கனெக்டர் கழன்றிருக்கும். முதலில் பூட்டு முழுதாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி மாட்டிய கனெக்டர் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் இரண்டாவது பூட்டு உள்ளே போயிருக்காது. பிறகு வயர் ரெயிலில் உரசுகிறதா என்று சீட்டை முழு நீளத்துக்கும் நகர்த்திப் பாருங்கள். வயரைத் தளர்வின்றி இழுத்துக் கட்டுவதும் தவறு.

முன் பயணி சீட்டின் எடை உணரி தனி உலகம். தடிமனான சீட் கவர், நனைந்த மெத்தை, கழற்றி மாட்டிய பின் செய்யாத பூஜ்ய அளவீடு ஆகியவை அதைக் குழப்பும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்குச் சாதாரண கவர் போட்டால் ஏர்பேக் வெளிவரும் தையலே மூடப்பட்டுவிடும் என்பதையும் வண்டிக்காரரிடம் சொல்லுங்கள்.

மோதல் சென்சார்கள். முன் சென்சார்கள் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தண்ணீரும் சேறும் படும் இடத்தில் இருப்பதால் கனெக்டரில் பச்சை பூத்திருக்கும். இன்றைய சென்சார்கள் கண்ட்ரோல் யூனிட்டோடு டிஜிட்டலாகப் பேசுபவை. அவற்றை ஓமில் அளந்து எதுவும் தெரியாது. மின்சாரம், எர்த், வயரின் தொடர்ச்சி மூன்றும் சரியாக இருந்தால், வலம் இடமாக ஒரே மாதிரி உள்ள இரண்டு சென்சார்களை மாற்றி மாட்டி, கோட் இடம் மாறுகிறதா என்று பார்ப்பதே எளிய வழி. கையேடு அதை அனுமதிக்க வேண்டும். அம்புக்குறி காட்டும் திசையிலும், சொன்ன முறுக்கு அளவிலும் மாட்ட வேண்டும். தளர்ந்த சென்சார் மோதலைத் தாமதமாக உணரும்.

கண்ட்ரோல் யூனிட். ஏர்பேக் யூனிட்டோடு தொடர்பு இல்லை என்று சொல்லும் யு0151 என்ற கோடை வண்டியின் மற்ற யூனிட்டுகள் காட்டி, ஏர்பேக் யூனிட் ஸ்கேனருக்குப் பதிலே தராவிட்டால், முதலில் ஃபியூஸ், பிறகு எர்த். ஏர்பேக் யூனிட் பெரும்பாலும் கியருக்கு அருகே தரையில் இருப்பதால், வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் ஏசித் தண்ணீர் உள்ளே ஒழுகும் வண்டியிலும் பின்கள் அரித்திருக்கும். யூனிட்டுக்குள்ளேயே மோதலை உணரும் சென்சார் உண்டு. மின்சாரம் இருக்கும்போது இதன் போல்ட்டைக் கழற்றி அசைப்பது, தட்டுவது இரண்டும் ஆபத்து. ஏர்பேக் ஒருமுறை விரிந்த வண்டியில் யூனிட் மோதல் தகவலைப் பூட்டி வைத்துக்கொள்ளும். ஸ்கேனரால் அழியாத கோட் அதுவாக இருக்கலாம்.

சரிசெய்வதில் எல்லை

ஸ்க்விப் வயரை வெட்டி ஒட்டுவதைப் பல நிறுவனங்கள் தடைசெய்கின்றன. சில, தங்கள் தனிக் கிட்டால் மட்டும் அனுமதிக்கின்றன. அனுமதி உள்ள இடத்திலும் இரண்டு வயர்களையும் முன்பு இருந்தது போலவே முறுக்கி வைக்க வேண்டும். பக்கத்து வயர்களின் மின்காந்தத் தூண்டல் சுற்றில் ஏறாமல் இருக்கவே அந்த முறுக்கு. தங்கப் பின்னுக்குப் பதில் சாதாரணப் பின் போட்டால், இரண்டு வேறு உலோகங்கள் உரசி, கோட் திரும்பி வரும். பின்னை உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய்விடும். அதன் பிறகு கனெக்டரையே மாற்ற வேண்டியதுதான்.

சோதனைக்கு வைத்த 2 ஓம் ரெசிஸ்டரை அப்படியே விட்டு விளக்கை அணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால், ஏர்பேக் இருக்கிறது என்று கண்ட்ரோல் யூனிட் நம்பும். மோதும் நொடியில் அது அனுப்பும் மின்னோட்டம் ரெசிஸ்டரைத்தான் எரிக்கும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் முகம் மோதுவார். எந்தக் காரணத்துக்காகவும் இதைச் செய்யாதீர்கள், செய்யச் சொன்னால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

விளக்கு சரியாக இருப்பதாலேயே ஏர்பேக் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த, ஏர்பேக்கை ஊதும் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுகள் கழிந்தபின் அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. அந்தப் பழுதுக்கு விளக்கு எரியாது. ஸ்க்விப்பின் தடை சரியாகவே இருக்கும். பழைய வண்டி கையில் வந்தால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வண்டிக்கு நிறுவனத்தின் திரும்பப்பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிச் சோதனை

எல்லா அடாப்டர்களையும் எடுத்துவிட்டு உண்மையான ஏர்பேக்குகளை மாட்டி, ஒவ்வொரு பூட்டும் விழும் 'க்ளிக்' சத்தத்தைக் கேட்டபின் பேட்டரியை இணையுங்கள். அப்போதும் உள்ளே யாரும் உட்கார வேண்டாம். இக்னிஷனை வெளியிலிருந்தே போட்டு, விளக்கு எரிந்து அணைவதை உறுதிசெய்து, கோடுகளை அழியுங்கள். இக்னிஷனை மூன்று நான்கு முறை அணைத்துப் போடுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இரண்டு முறை ஒடித்து, இரண்டு முன் சீட்டுகளையும் முழு நீளத்துக்கு நகர்த்தி, பெல்ட்டுகளைப் பூட்டித் திறந்து, மேடுபள்ளமான சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். நினைவில்கூட எந்தக் கோடும் இருக்கக் கூடாது. விட்டுவிட்டு வந்த கோளாறாக இருந்தால் வண்டியை ஓர் இரவு நிறுத்திவையுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், முதல் இக்னிஷனிலேயே விளக்கு ஆறேழு வினாடியில் அணைந்தால் சாவியை ஒப்படைக்கலாம்.